22 டிகிரியில் அமைதியான கார்டு

சின்ன கேபினெட்டுக்குள் வைக்க, சத்தம் போடாத ஒரு கிராஃபிக்ஸ் கார்டு எது? இதற்குப் பதில் தேடி இரண்டு மாதமாக ராத்திரி ராத்திரியாக ரிவ்யூக்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று உறுதிப்பட்டது. ரிவ்யூக்களில் வரும் டெசிபல் எண் பொய்யில்லை, ஆனால் அது வேறொரு அறையின் எண். நாகர்கோவிலில் இருக்கும் என் அறையில் அது செல்லுபடியாகாது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

முதலில் எனக்கு ஏன் இது வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கேம் விளையாடும் பழக்கம் எனக்கில்லை. பழைய வில்லுப்பாட்டு கேசட்டுகளை டிஜிட்டலாக்கி, விஸ்பர் மென்பொருளிடம் கொடுத்து எழுத்தாக்கிப் பார்க்கிறேன். அது எழுதித் தருவதில் பாதி ஊகம்தான். குடமும் உடுக்கையும் குரலின் மேல் விழும் இடங்களில் ஊகம்கூட வராது, நாமே உட்கார்ந்து கேட்டுத் திருத்த வேண்டும். அண்ணாவி சொன்னது ‘ல’வா ‘ள’வா என்பது சில நேரம் பத்து முறை கேட்டால்தான் பிடிபடும். காதை மூடும் ஹெட்போன் நம்ம ஊர் வேர்வையில் அரை மணிக்கூர் தாங்காது, அதனால் ஸ்பீக்கர்தான். நான் ஒரு கேசட்டைத் திருத்தும்போது மெஷின் அடுத்ததை மென்றுகொண்டிருக்கும். அதாவது கார்டு முழு வேலையில் இருக்கும் நேரமும் எனக்கு அமைதி வேண்டிய நேரமும் ஒன்றே. சும்மா இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும் என்ற விளம்பரத்தால் எனக்குப் பெரிய லாபமில்லை.

இனி கணக்குக்கு வருவோம். ரிவ்யூ செய்பவர்களின் அறை பெரும்பாலும் 20-லிருந்து 23 டிகிரி. பலர் கார்டைத் திறந்த பெஞ்சில் வைத்துத்தான் அளக்கிறார்கள். நான்கு பக்கமும் காற்று. 115 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060-ஐ எடுத்துக்கொள்வோம். சிப்பை 65 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், அறை 22 டிகிரி என்றால், வெப்பத்தை வெளியே தள்ளக் கிடைக்கும் இடைவெளி 43 டிகிரி. வாட்டுக்கு 0.37 டிகிரி.

அதையே இங்கே கொண்டு வாருங்கள். ஏப்ரல் மாதம், ஏசி இல்லாத அறை, 32 டிகிரி. அது வெறும் அறைதான். பத்துப் பன்னிரண்டு லிட்டர் கேபினெட்டுக்குள் கார்டு தானே விட்ட சூட்டைத் தானே மறுபடி உறிஞ்சும். உள்காற்று 40 என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 25 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. இப்போது 70 வாட் கார்டு ஒன்றுக்கு வகுத்துப் பாருங்கள்: 0.36.

இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று! ஒரே ஹீட்சிங்க் என்று வைத்துக்கொண்டால், லண்டனிலோ வான்கூவரிலோ பெஞ்சின் மேல் 115 வாட் கார்டு போடும் சத்தத்தை இங்கே பெட்டிக்குள் 70 வாட் கார்டு போடும். ஏப்ரல் மாத நாகர்கோவிலில் 115 வாட் கார்டு என்ன பாடு படும் என்பதை அந்த ரிவ்யூ சொல்லாது. 40 டிகிரி என்பது என் ஊகம்தான். உங்கள் கேபினெட்டில் அது 36 ஆகவும் இருக்கலாம், 45 ஆகவும் இருக்கலாம். வகுத்தல் கையில் இருக்கிறது, போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, எங்களூரில் கார்டின் அமைதியை முதலில் தீர்மானிப்பது வாட். ஃபேன் எத்தனை, பேர் என்ன, இறக்கை எப்படி வளைந்திருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

டெசிபல் எண்ணிலும் ஒரு சள்ளை உண்டு. ஒருவர் 50 செ.மீ. தூரத்தில் மைக் வைக்கிறார், இன்னொருவர் ஒரு மீட்டரில். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். இதைக் கவனிக்காமல் இரண்டு தளங்களின் எண்ணை அருகருகே போட்டு ‘இது அமைதி, அது இரைச்சல்’ என்று பேசுபவர்கள் ஏராளம்.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். “உனக்கு வேற சோலி இல்லையாடே? மேல சுத்துற ஃபேன் சத்தத்துக்குள்ள இது எங்க கேக்கப் போகு?” என்றார். கிண்டல்தான், ஆனால் நியாயமான கேள்வி. நான் படித்த ரிவ்யூ எதிலும் அந்தக் கேள்வி இல்லை. நம் வீடுகளில் சீலிங் ஃபேன் ஓடாத நேரம் என்று ஒன்று கிடையாது. ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு ஜன்னலைப் பிடித்து ஆட்டும்.

அவர் சொன்னதில் பாதி சரி. சீலிங் ஃபேனின் சத்தம் பரவலானது, பல அதிர்வெண்கள் கலந்த ‘ஹ்ஹ்’ என்ற இரைச்சல். கார்டின் ஃபேன் தள்ளும் காற்றின் சத்தமும் அதே ஜாதி என்பதால் ஒன்று மற்றொன்றுக்குள் மறைந்துபோகும். மறையாதது ராகம் பிடிக்கும் சத்தம். ஃபேனின் சுழற்சியை 60-ஆல் வகுத்து இறக்கை எண்ணிக்கையால் பெருக்கினால் அதன் சுருதி வந்துவிடும். நிமிடத்துக்கு 3000 சுற்று, 9 இறக்கை என்றால் 450 ஹெர்ட்ஸ். குட்டி ஃபேன்கள் இன்னும் வேகமாகச் சுற்றும், சுருதி இன்னும் மேலே ஏறும். அதற்கும் மேலே காயில் வைன். கார்டின் மின்சுருள்கள் கரண்ட் ஏறி இறங்கும்போது அதிர்ந்து எழுப்பும் கீச்சுச் சத்தம் அது. சீலிங் ஃபேன் அதை மூடாது. மெல்லினமும் இடையினமும் கேட்டுப் பிரிக்க வேண்டிய வேலையில் கொசு காதில் பாடுவது போல அது உட்கார்ந்துகொள்ளும். ஒற்றை டெசிபல் எண்ணில் இந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லை. 38 டெசிபல் காற்றுச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தலாம், 32 டெசிபல் கீச்சோடு நடத்த முடியாது.

இதைச் சரியாகச் செய்தவர் ஒருவர் இருந்தார். கனடாவின் வான்கூவரில் இருந்து மைக் சின் 2002-இல் தொடங்கிய சைலன்ட் பிசி ரிவ்யூ. அவர் எண்ணை மட்டும் கொடுக்கவில்லை. சத்தத்தின் குணத்தை வார்த்தையில் விவரித்தார், ஒலிப்பதிவையும் சேர்த்துப் போட்டார். மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் முறை அது. இன்று யூடியூப்பில் பின்னணி இசையைப் போட்டுக்கொண்டு ‘ரொம்ப சைலன்ட்’ என்கிறார்கள்.

அடுத்த ஆண்டே, 2003-இல், என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா வந்தது. அதன் இரைச்சலைக் கேலி செய்து என்விடியாவே ஒரு வீடியோ எடுத்தது. இலை ஊதும் மெஷினாக அதைப் பயன்படுத்துவது மாதிரி. தன் கார்டைத் தானே சிரித்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

சரி, எதை வாங்குவது? விஸ்பர் போன்றவை பெரும்பாலும் என்விடியாவின் கூடாவைச் சுற்றி வளர்ந்தவை. ஆகவே 53 வாட் மட்டும் இழுக்கும் ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400-ஐ மனசில்லாமல் விட்டுவிடுகிறேன். மதர்போர்டு ஸ்லாட்டில் இருந்து கிடைப்பது 75 வாட், அதற்குள் ஓடுபவைதான் என் பட்டியல். அதில் முன்னால் நிற்பது 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட், தனி பவர் ஒயர் தேவையில்லை. கடையில் கேட்கும்போது ‘6 ஜிபி’ என்று அழுத்திச் சொல்லுங்கள். 2022-இல் வந்த 8 ஜிபி 3050 என்பது 130 வாட் கார்டு. ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்களை விற்பது வாங்குகிறவனுக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

இந்த 6 ஜிபி கார்டிலும் இரண்டு உருவம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் ஒல்லிப் பெட்டிக்குள் போகும் லோ புரொஃபைல் வகையில் இரண்டு குட்டி ஃபேன்கள். உயரமே 7 செ.மீ.தான் என்றால் ஃபேன் எவ்வளவு பெரிதாக முடியும்? மேலே சொன்ன ராகம் அங்கேதான் பிறக்கும். ஒரே வாட்டில் பெரிய ஒற்றை ஃபேன் உள்ள முழு உயரக் கார்டு எப்போதும் மேல். சுற்றில் 20 சதவீதம் குறைந்தால் சுமார் 5 டெசிபல் குறையும் என்பது ஃபேன்களின் பொது விதி. குறைக்க இடம் கொடுப்பது பெரிய ஃபேன்தான். எனவே கார்டுக்கு முன்னால் கேபினெட்டை முடிவு செய்ய வேண்டும். அரை ஜாண் உயரம் கூடினாலும் பரவாயில்லை, முழு உயர ஸ்லாட் உள்ள பெட்டியாக எடுங்கள்.

ஃபேனே இல்லாத கார்டும் உண்டு. பாலிட் கம்பெனியின் கால்ம்எக்ஸ் வரிசையில் இதே 3050 முழுக்க ஹீட்சிங்க்காக வந்திருக்கிறது. ஆனால் அதன் பொருள் காற்றே வேண்டாம் என்பதில்லை. மெதுவாகச் சுற்றும் 120 மி.மீ. கேபினெட் ஃபேன் ஒன்று அதன் மேல் ஊதியாக வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது சத்தத்தைவிட ஆயுள் விஷயம். ரிவ்யூவில் அளப்பது புதுக் கார்டை. இரண்டு வருடம் கழித்து, கடல் உப்பும் ஈரமும் தூசியும் ஏறி, பேரிங்கில் எண்ணெய் வற்றியபின் வரும் ‘கடகட’வை யாரும் அளப்பதில்லை. கார்டோடு வரும் ஃபேன் மாடலுக்கு மாடல் வேறு, உதிரியாகத் தேடிக் கிடைப்பது சிரமம். 120 மி.மீ. ஃபேனை எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் வாங்கி நாலு ஸ்க்ரூ போட்டு மாற்றிவிடலாம்.

ஏற்கெனவே 4060 வைத்திருப்பவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. டிரைவரோடு வரும் கட்டளை நிரலிலேயே வாட் வரம்பைக் கொஞ்சம் இறக்கலாம். எவ்வளவு இறங்கும் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். வேகத்தில் இழப்பது பெரும்பாலும் வாட்டில் குறைப்பதைவிடக் குறைவு. ராத்திரி முழுக்க ஓடும் வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நான் முழு உயர 70 வாட் பக்கம் சாய்ந்துவிட்டேன், ஃபேன் இல்லாத வகை கிடைத்தால் அதுவே. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது அப்படிப்பட்ட கார்டை ஏசி இல்லாத அறையில் சித்திரை மாதம் முழுக்க ஓட்டியிருந்தால், அறைச் சூடு, சிப்பின் சூடு, எத்தனை மணி நேரத் தொடர் வேலை என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். டெசிபல் வேண்டாம்.