சுமை இறங்கிய இடம்: இரட்சணிய யாத்திரிகமும் சுகமளிக்கும் ஊழியமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் சாலைகள் இரண்டு. ஒன்று கோரிமேட்டைக் கடந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் செல்வது. மற்றொன்று குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக மேலேறுவது. அக்குப்பனூரில் பல ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தினோம். நெடுநாள் நோயுற்றிருந்த தாயார் ஒருவர், கூட்டம் முடிந்தபின் நம்மிடம் வந்து, “ஐயா, எனக்கு இன்னும் சுகம் வரவில்லையே. நான் சரியாக நம்பவில்லையா, அல்லது ஆண்டவருக்கு என்மேல் மனமில்லையா?” என்று கேட்டார். “இன்னும் விசுவாசத்தோடு ஜெபியுங்கள், அம்மா” என்று கூறி விடைபெற்றோம். நோய்ச் சுமையின்மேல் குற்றச் சுமையையும் ஏற்றிவிட்டு வந்தோம் என்பதை உணர நமக்கு நெடுங்காலமாயிற்று. இரட்சணிய யாத்திரிகத்தை மாணவருக்குப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் அத்தாயாரின் கேள்வி நம்முன் வந்து நிற்கிறது. அக்கேள்வியை வைத்தே அக்காவியத்தை இங்கு ஆராய முற்படுகிறோம்.

ஆசிரியர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பமொன்றில் பிறந்தவர். கம்பனில் தோய்ந்த புலமையோடு சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய இக்காவியம் 1894இல் நூலாயிற்று. மொழிபெயர்ப்பன்று, மறு படைப்பு என்று இதனை அறிஞர் போற்றுவது பொருத்தமே. மூலத்தில் இல்லாத வகையில் ஆண்டவரின் பாடுகளை விரித்துப் பாடியதும், பக்திப் பாசுர மரபில் தேவாரப் பதிகங்களை இடையிடையே அமைத்ததும் இவருடைய தனிச் சிறப்பு.

இரட்சிப்பை ஏற்பதில் மனிதனின் பங்கு யாது? இவ்வினா தமிழ் வைணவத்திற்குப் புதிதன்று. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்கிறது. வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் எடுத்துக்காட்டி வழக்காடினர். அம்மரபில் வளர்ந்த ஒருவர் பனியனின் கதையைத் தெரிந்துகொண்டது சிந்திக்கத்தக்கது. அக்கதையில் இரு உண்மைகளும் அருகருகே நிற்கின்றன. யாத்திரிகன் இடுக்கமான வாசலைத் தானே தட்டுகிறான். கதவைத் திறப்பவனோ அவனைக் கைப்பற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறான். சிலுவையின் எதிரே வந்தபோது முதுகுச் சுமையை அவன் அவிழ்த்து எறிவதில்லை. அது தானே கழன்று விழுகிறது. தட்டுதல் நம்முடையது, சுமையை இறக்குதல் நம்முடையதன்று. கிருஷ்ண பிள்ளை பாடுகளை விரித்துப் பாடியதன் காரணமும் இங்கு விளங்குகிறது. அச்சுறுத்தப்பட்ட மனம் ஓடும். அன்பைக் கண்ட மனமே ஏற்கும். கேட்பவர் தெரிந்துகொள்வதற்குமுன் காணவேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

ஆயின் ஏற்பது எதனை? சிலுவைக்கு வருமுன்னரே யாத்திரிகனை உலக ஞானி ஒருவன் எதிர்ப்படுகிறான். வழி கடினம், பக்கத்து ஊரில் சுமையை விரைவில் இறக்குவதில் வல்லவர் ஒருவர் உண்டு என்கிறான். இன்று நம் சபைகளின் சுவர்களில் ஒட்டப்படும் கூட்ட விளம்பரங்களுள் சிலவற்றை வாசிக்குங்கால் அக்குரலே நம் காதில் விழுகிறது. சுகத்திற்காக ஜெபிப்பது திருச்சபையின் கடமை. யாக்கோபு நிருபம் அதனைத் தெளிவாகக் கற்பிக்கிறது. சுகத்தை விசுவாசத்தின் அளவுகோலாக்குவதே பிழை.

திருமறை இவ்விரண்டையும் கலந்தும் காட்டுகிறது, பிரித்தும் காட்டுகிறது. பெரும்பாடுள்ள ஸ்திரீ, பர்திமேயு, நன்றி கூறத் திரும்பிய சமாரியன், லூக்கா ஏழாம் அதிகாரத்துப் பாவியான ஸ்திரீ ஆகிய நால்வருக்கும் ஆண்டவர் ஒரே கிரேக்கச் சொல்லால் இரட்சிப்பை அறிவிக்கிறார். நான்காமவருக்கோ சரீர நோய் ஏதும் கூறப்படவில்லை. சுத்தமான குஷ்டரோகிகள் பதின்மர். அவ்வார்த்தையைக் கேட்டவன் ஒருவனே. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு கிடந்தவன் விசுவாச அறிக்கை எதுவும் செய்யாமலே எழுந்து நடந்தான். பவுலுக்கோ முள் நீங்கவில்லை. ஆகவே சுகம் வந்ததைக்கொண்டு விசுவாசத்தையோ, வராததைக்கொண்டு அவிசுவாசத்தையோ தீர்ப்பதற்கு நமக்கு ஆதாரமில்லை.

பயணக் கதையின் முடிவும் இதையே போதிக்கிறது. சுமை இறங்கியவனுக்கும் மரண ஆறு உண்டு. பனியனின் யாத்திரிகன் அவ்வாற்றில் அமிழ்ந்து, திகிலுற்று, நம்பிக்கையையே இழக்கும் நிலையை அடைகிறான். உடன் வந்த தோழனே அவன் தலையை நீருக்குமேல் தாங்குகிறான். ஆற்றில் தத்தளிப்பவனைக் கரையில் நின்று “உன் விசுவாசம் போதாது” என்று கடிந்துகொள்பவர் அக்கதையில் எவருமில்லை.

இங்கே நூலின் குறையொன்றையும் கூறவேண்டும். பனியன் 1684இல் இரண்டாம் பகுதியை வெளியிட்டார். அதில் யாத்திரிகனின் மனைவியும் பிள்ளைகளும் புறப்படுகின்றனர். ஊன்றுகோலால் நடப்பவனும் மனந்தளர்ந்தவனும் வழியில் சேர்ந்துகொள்கின்றனர். வழிகாட்டி அவர்களுக்காகத் தன் நடையைத் தாமதப்படுத்துகிறான். ஊன்றுகோலுடையவன் ஆற்றங்கரைவரை அக்கோல்களோடேயே வந்து, அங்கேதான் அவற்றை விடுகிறான். கிருஷ்ண பிள்ளை முதன்மையாகத் தழுவியது முதற்பகுதியையே. காவியத்திற்குத் தனித்த தலைவன் வேண்டியிருந்திருக்கலாம்; அதனால் ஆசிரியரைப் பழிப்பதற்கில்லை. எனினும் தமிழ்ச் சபை வீரயாத்திரிகனின் பாட்டைப் பெற்றது. முடவரோடு மெல்ல நடக்கும் கூட்டத்தின் பாட்டைப் பெறவில்லை. இத்தனைக்கும் ஆசிரியரே தனித்து வந்தவரல்லர். அவருக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்ற தம்பியும் நண்பரும் அவருடைய மனமாற்றத்தில் துணைநின்றனர்.

இறையியல் மாணவர்க்கு நாம் கூற விரும்புவது இது. இரட்சிப்பை ஏற்குமாறு அழையுங்கள். தெரிந்துகொள்ளும் பொறுப்பைக் கேட்போரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். ஆயின் ஏற்கவேண்டியவர் கிறிஸ்துவே. சுகம் அவர் கையிலுள்ள ஈவு. நோயாளிக்காக ஜெபியுங்கள், மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், மறுவாரமும் அவ்வீட்டிற்குச் செல்லுங்கள். குப்பனூர்த் தாயாரின் கேள்விக்கு அன்று நாம் கூறியிருக்கவேண்டிய விடை, “அம்மா, நீங்கள் நம்பியதால்தான் அவரிடம் கேட்கிறீர்கள், அவரும் உங்களைக் கைவிடவில்லை” என்பதே. மறுவாரம் மீண்டும் வருவதாகவும் சொல்லியிருக்கவேண்டும். நாம் அவ்வாறு சொல்லவுமில்லை, செல்லவுமில்லை.