ஆள் போன மனையில் அரளி

மண் சுவர் வைத்த வீடு ஆளில்லாமல் கிடந்தால் ஐந்தாறு ஐப்பசி மழைக்குமேல் தாங்காது. ஓலைக்கூரை முதலில் போகும். நாட்டு ஓடு என்றால் அக்கம்பக்கத்தார் இறக்கித் தங்கள் தொழுவுக்கு வேய்ந்துகொள்வார்கள். கதவும் நிலையும் விலைக்குப் போய்விடும். ஆட்டுரல் மட்டும் தூக்க ஆளில்லாமல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். சுவர் கரைந்து முழங்கால் உயர மேடாகி, மேட்டின்மேல் எருக்கும் ஏறிய பிறகு, இங்கே ஒரு குடும்பம் சமைத்தது, பிள்ளை பெற்றது, பங்காளிச் சண்டை போட்டது என்பதற்கெல்லாம் எஞ்சி நிற்பது பெரும்பாலும் ஒரு செவ்வரளிப் புதர்தான்.

களக்காட்டைச் சுற்றி இந்தக் காட்சிக்குக் குறைவில்லை. மேற்கே தலைக்குமேல் மலை; 1988இல் புலிகள் காப்பகமான களக்காடு–முண்டந்துறைக் காடு. பச்சையாற்றுத் தண்ணீர் எட்டும் இடமெல்லாம் வாழை. நாங்குநேரியை நோக்கிக் கிழக்கே நகர நகர மண் வறண்டு, பனையும் உடைமரமும் தொடங்கிவிடும். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து மும்பைத் தாராவிக்கும் சென்னையின் பலசரக்குக் கடைகளுக்கும் போன குடும்பங்கள் ஏராளம். வளவுக்கு வளவு ஒரு வீடாவது பூட்டிக் கிடக்கும். பூட்டும் துருப்பிடித்து விழுந்திருக்கும். ஊரே காலியாவதும் உண்டு. தாமிரபரணி ஓடும் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில்தான் மீனாட்சிபுரம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அங்கே 1,269 பேர். தண்ணீர்க் கஷ்டத்தில் ஒவ்வொரு குடும்பமாக வெளியேறி, கடைசியில் ஒரே ஒரு முதியவர் மட்டும் வாழ்ந்தார். அவரும் 2024இல் காலமானார்.

இப்படிப்பட்ட பாழ்மனையைப் பூவை வைத்துப் படிப்பது ஒரு கலை. அதில் முதல் பாடம், எந்தப் பூவை நம்பலாம், எந்தப் பூவை நம்பக்கூடாது என்பது. எருக்கு, ஆவாரை, தும்பை எல்லாம் எங்கும் தானாக முளைப்பவை. அவற்றின் பேச்சு இங்கே எடுபடாது. நித்தியகல்யாணி அரைகுறைச் சாட்சி. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் வாசலில் குடியேறிய அந்தச் செடி விதை தெறித்து, எறும்பு இழுத்து, வேலி தாண்டிச் சுடுகாடு வரைக்கும் போய்விடும். அது நிற்கும் இடத்தில்தான் வீடு இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இங்கே யாரும் மதிக்காமல் மிதித்துப் போகும் செடி அது. ஆனால் 1958இல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதன் இலையிலிருந்துதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். தென்மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் இன்றும் இலைக்காகவும் வேருக்காகவும் அதைப் பயிர் செய்கிறார்கள்.

அடுக்குச் செம்பருத்தியும் அடுக்கு நந்தியாவட்டையும்தான் அசைக்க முடியாத சாட்சிகள். காரணம், அவை விதை வைப்பதில்லை என்றே சொல்லலாம். அடுக்கடுக்கான இதழ்களில் பாதி, மகரந்தத் தாளாக இருந்திருக்க வேண்டியவை. அழகுக்காக வம்சத்தை விட்டுக்கொடுத்த பூக்கள். ஆகவே அந்தச் செடி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு மனிதக் கை, பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை, கம்பு ஊன்றியிருக்கிறது என்பது உறுதி. அந்தக் கம்பும் வேறொரு வீட்டுச் செடியிலிருந்து முறித்தது. அந்த வீட்டுச் செடி மதினியின் ஊரிலிருந்து வந்தது. காட்டில் எங்குமே தானாக வளர்ந்து கண்டறியப்படாத செம்பருத்தி, இப்படிக் கைமாறிக் கைமாறியே நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ஒற்றைச் செம்பருத்தியை விட அடுக்குச் செம்பருத்தி மட்டமான ரசனை என்று நினைக்கும் தோட்டக்காரர்கள் உண்டு. பாழ்மனையில் அந்த மதிப்பீடு தலைகீழாகிவிடுகிறது.

அடுத்தது இடம். நெல்லைச் சீமையின் பழைய வீட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: தெருவைப் பார்த்துத் திண்ணை, பிறகு தார்சா, அதற்குள் பட்டாசல், கடைசியில் அடுக்களை, அதன் மூலையில் பாத்திரம் கழுவும் அங்கணம். அங்கணத்துத் தண்ணீர் சுவரில் வைத்த துளை வழியாகப் புறவாசலுக்கு வடியும். சுவர் எல்லாம் கரைந்த பிறகும் இந்த வரைபடத்தைப் பூச்செடிகள் காப்பாற்றி வைத்திருக்கும். நந்தியாவட்டை நின்றால் அது பெரும்பாலும் வாசல் பக்கம், பூசைக்குப் பறிக்க வசதியாக. செம்பருத்தி கிணற்றடியில், குளிக்கும் தண்ணீர் ஓடும் வழியில். மருதாணியும் ஆடாதோடையும் வேலி ஓரம். அரளி மனையின் எல்லையில், அல்லது சுடலைமாடன் பீடத்தை ஒட்டி. பூவரச மரம் தொழுவின் பக்கம், மாட்டுக்கு நிழலாக. அந்திமந்தாரை ஒரு திட்டாக அடர்ந்து நிற்கிறதென்றால், அங்கேதான் அங்கணத் தண்ணீர் வடிந்தது என்று பந்தயம் கட்டலாம்.

இந்த ஊகத்துக்கு மண்ணிலும் ஆதாரம் இருக்கிறது. ஸ்வீடனில் 1920களின் பிற்பகுதியில் ஒலோஃப் அரீனியஸ் என்ற வேளாண் வேதியியலாளர் மண்ணைச் சோதித்தபோது, பழங்காலக் குடியிருப்புகள் இருந்த இடங்களில் பாஸ்பேட் அதிகமாக இருப்பதைக் கவனித்தார். சாம்பல், எலும்பு, சாணம், சமையல் கழிவு எல்லாம் மண்ணில் இறங்கினால் அந்த உப்பு எளிதில் கரைந்து போவதில்லை; நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடுகிறது. தொல்லியலாளர்கள் இன்றும் அந்தச் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். அடுப்புச் சாம்பல் கொட்டிய குப்பைக்கிடங்கு இருந்த இடத்தில் செடி கொழுத்து நிற்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்திமந்தாரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த செடி. சாயங்காலம் நாலு, நாலரைக்கு விரிந்து, இரவு முழுக்க மணந்து, காலையில் சுருண்டுவிடும். இதழ் என்று நாம் நினைப்பது உண்மையில் இதழ் அல்ல, வண்ணம் பூசிக்கொண்ட புல்லி. கோடையில் மேல்செடி காய்ந்து மடிந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு பத்திரமாக இருக்கும்; நல்ல மிளகு போன்ற கறுப்பு விதையும் சுற்றிலும் சிந்திக் கிடக்கும். அந்த விதையை உடைத்து உள்ளே இருக்கும் வெள்ளை மாவைக் கன்னத்தில் பூசிக்கொள்ளாத கிராமத்துப் பெண்பிள்ளை குறைவு. ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும் கலந்து தெறித்தாற்போல் பூப்பதும் உண்டு. ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் காரன்ஸ் இந்தச் செடியைத் தன் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். மெண்டலின் மரபு விதிகளை 1900இல் மறுபடி கண்டெடுத்தவர்களில் ஒருவர் அவர். இலையில் வெள்ளைத் திட்டு விழும் அந்திமந்தாரைகளை வைத்து, அந்தக் குணம் தாய்ச்செடியின் வழியாக மட்டுமே இறங்குகிறது என்று 1909இல் அவர் காட்டினார். மரபியல் பாடப்புத்தகத்தில் இடம்பிடித்த செடி, நம்மூரில் பாத்திரம் கழுவிய தண்ணீரில் வளர்கிறது.

இனி அரளி. அதன் தைரியத்துக்குக் காரணம் நஞ்சு. இலை, பூ, பட்டை, வேர், பால் எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. ஆடு, இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் முதல் எதிரி, அரளியை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். தடித்த, மெழுகு பூசிய இலை. இலையின் அடியில் குழிகள், குழிக்குள் மூச்சுத்துளைகள், அவற்றைச் சுற்றி மயிர். வறட்சியில் ஈரத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கும் ஏற்பாடு. நாங்குநேரி வழியாகக் கன்னியாகுமரிக்கு ஓடும் நான்கு வழிச்சாலையின் நடுத்திட்டில் நெடுஞ்சாலைக்காரர்கள் அரளியை நட்டதும் இதே காரணங்களுக்காகத்தான்: மாடு கடிக்காது, தண்ணீர் கேட்காது, வருஷம் முழுக்கப் பூக்கும். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் கதை வேறு. அரளி நஞ்சால் ஒரு மரணம் நேர்ந்ததாகச் சந்தேகம் எழுந்ததும், 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்துக்கும் பிரசாதத்துக்கும் அரளிப் பூவை விலக்கியது. நெல்லைப் பக்கத்து மாடனுக்கும் அம்மனுக்கும் அரளி மாலை இன்றும் குறைவில்லாமல் விழுகிறது. பொன்னரளி என்ற மஞ்சள் பூ வேறு செடி, மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்தது. நஞ்சில் மட்டும் அண்ணன் தம்பி.

பவழமல்லியின் தற்காப்பு இன்னும் நாகரிகமானது. நஞ்சு இல்லை, இலை உப்புத்தாளைப் போலச் சொரசொரக்கும், அவ்வளவுதான். கிழிந்து கிளை முறிந்து நின்றாலும் புரட்டாசி, ஐப்பசி விடியலில் கீழே வெள்ளையும் செம்மஞ்சளுமாக உதிர்த்துப் போட்டிருக்கும். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்ற விதிக்கு விலக்கு பெற்ற பூ.

இவ்வளவையும் பார்த்து மயங்குபவர் ஒன்றை மறந்துவிடக்கூடாது. பாழ்மனையில் மிஞ்சியிருப்பவை அந்த வீட்டுப் பெண்கள் மிகவும் நேசித்த பூக்கள் அல்ல. தலையில் வைத்துக்கொண்டவை மல்லிகையும் பிச்சியும் கனகாம்பரமும். மல்லிகை புதுத் தளிரில்தான் பூக்கும்; வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்து, எரு வைத்து, கோடையில் குடம் குடமாக ஊற்றினால்தான் மொட்டு வைக்கும். விட்டுவிட்டால் கொடியாக ஓடி, பூ சுருங்கி, இரண்டு மூன்று வறட்சியில் காணாமல் போகும். கனகாம்பரத்தை ஆடு முடித்துவிடும். ஆகவே அரளி நிற்கும் மனையைப் பார்த்து, இவர்கள் அரளிப் பிரியர்கள் போலிருக்கிறது என்று சொல்வது தப்பான வாசிப்பு. அரளி அந்த வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்காமலே வளர்ந்தது. யாரும் இல்லாதபோதும் அப்படியே வளர்கிறது. செல்லப்பிள்ளையாக வளர்ந்த மல்லிகையை, கிணற்றடியில் சாய்ந்து கிடக்கும் பந்தல் கல்லிலிருந்து ஊகிக்க வேண்டியதுதான். நல்ல ரசிகருக்கு இல்லாத பூவும் கண்ணில் படும்.

அமெரிக்காவில் இந்த வாசிப்புக்கு ஒரு மரபே இருக்கிறது. எழுத்தாளர் தோரோ 1854இல் வெளியிட்ட ‘வால்டன்’ நூலில், வீடு அழிந்த பிறகும் வாசலோரம் பூக்கும் லைலாக் செடியைப் பற்றி எழுதியிருக்கிறார். 1934இல் கிரேட் ஸ்மோக்கி மலை தேசியப் பூங்கா உருவானபோது அங்கே குடியிருந்த குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. காடு மூடிய பிறகும் அந்தப் பழைய வீட்டு வாசல்களில் ஒவ்வொரு வசந்தத்திலும் டாஃபோடில் பூக்கிறது. அங்கே எதிரி பனியும் மானும். இங்கே வெயிலும் ஆடும். உத்தி மட்டும் ஒன்று: டாஃபோடில் கிழங்கிலும் நஞ்சு. நம்மூர் வாசல்களில் அந்த வேலையை மழை லில்லி செய்கிறது. வருஷம் முழுக்கப் புல்லோடு புல்லாகக் கிடந்து, கனமழை பெய்த சில நாட்களில் வெள்ளையாகவோ ரோஸாகவோ வரிசையில் எழும். அந்த நேர்வரிசை ஒன்றே போதும், புல் மேட்டில் யாரோ திட்டமிட்டு நட்டார்கள் என்பதற்கு.

களக்காட்டுக்கு வடக்கே மலைமேல் அண்மையில் ஒரு பெரிய வெளியேற்றம் தொடங்கியிருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,300 ஏக்கர் சொச்சம் நிலத்தில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைக் குடியிருப்புகள் எழுந்தன. குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கையில், 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டு, தலைமுறைகளாக வாழ்ந்த லயன் வீடுகள் காலியாகத் தொடங்கின. நிலம் புலிகள் காப்பகத்தின் நடுவே இருக்கிறது. அங்கே வாசல் பூவுக்குச் சட்டமும் எதிரி. தமிழக அரசு 2022இல் வெளியிட்ட கொள்கைப்படி, காட்டில் பரவும் அந்நியத் தாவரங்கள் அகற்றப்பட வேண்டியவை. வனத்துறையின் கவலையில் நியாயம் இருக்கிறது: இன்று காட்டை மூடும் உண்ணிச்செடியே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகத் தோட்டத்தில் வைக்கக் கொண்டுவந்த பூச்செடிதான். ஆனால் விதை வைக்காத அடுக்குச் செம்பருத்தி எந்தக் காட்டையும் பிடித்துவிடப் போவதில்லை. இரண்டையும் ஒரே அரிவாளால் வெட்டத் தேவையில்லை.

கீழே, சமவெளியில், பாழ்மனைப் பூக்களுக்கு வருஷத்தில் ஒருநாள் ஆள் வரும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்கு வருகிறவர்கள், பொங்கல் வைத்து முடித்துத் தாத்தா வீடு இருந்த இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போவார்கள். அப்போது செம்பருத்தியிலோ நந்தியாவட்டையிலோ ஒரு கம்பு முறிப்பது வழக்கம். அதற்கும் கைப்பக்குவம் வேண்டும். இளந்தளிர் உதவாது, முற்றி மரமானதும் உதவாது. பென்சில் பருமனில், நாலைந்து கணுவோடு, அடியைச் சாய்வாக வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரத்துணியில் சுற்ற வேண்டும். பூவரசுக்குப் போத்து நடுவதென்றால் கைத்தடிப் பருமனில் கிளையே வேண்டும். அது பேருந்தில் ஏறாது. நடுவதற்கு நல்ல மாதம் ஐப்பசி, கார்த்திகை. பங்குனி வெயிலில் வைத்தால் பாதிக்குமேல் கருகும் என்பதால், விவரம் தெரிந்த பாட்டிகள் ஒன்றுக்கு நாலு கம்பாக முறித்துக் கொடுக்கிறார்கள். கூடவே, அரளியை முறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தூக்காதே என்றும் சொல்கிறார்கள்.