புத்தளக் கரையோரமும் வானொலியும்: பிரதேசக் குரல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

வெகுசனத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி எம்மிடையே எழுந்த விமர்சனங்கள் பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் தரத்தையும் மொழித் தூய்மையையுமே அளவுகோல்களாகக் கொண்டுள்ளன. ஓர் ஒலிபரப்பு எவ்விடத்திலிருந்து எழுகின்றது, எவரை நோக்கிச் செல்கின்றது, எவர் நலனைப் பேணுகின்றது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. புத்தளம் மாவட்டக் கரையோரத்தை முன்னிறுத்தி இவ்வினாக்களை எழுப்புவதே எமது நோக்கமாகும்.

இக்கரையோரம் ஒலிபரப்பு அறியாத ஒதுக்குப்புறமன்று. உண்மை இதற்கு நேர்மாறானது. புத்தளத்தில் நிறுவப்பட்ட 400 கிலோவாற்று வலுக்கொண்ட மத்திய அலைப் பரப்பியைப் பயன்படுத்தி, டிரான்ஸ் வேர்ள்ட் ரேடியோ என்னும் கிறித்தவ நிறுவனம் 882 கிலோஹேர்ட்ஸில் இந்திய நேயர்களுக்குப் பல மொழிகளில் ஒலிபரப்பி வந்தது. தெற்கே, சிலாபத்தை அண்டிய இரணவிலவில் 'அமெரிக்காவின் குரல்' அஞ்சல் நிலையம் 1990களில் எழுந்தது. அதற்கு வித்திட்ட உடன்படிக்கை 1983இல் கைச்சாத்தானது. 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படாதவாறு உறுதிசெய்யப்படும் என்னும் வாக்குறுதி இடம்பெற்றது. இரு அரசுகள் கவலையுற்ற இந்நிலத்திலே மீனவரும் விவசாயிகளும் கத்தோலிக்கக் குருமாரும் தமது வாழ்வாதாரத்தின் பொருட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். எனினும் நிலையம் எழுந்தது, 2016இல் மூடப்பட்டது, 2020இல் அக்கட்டடங்கள் கொவிட் நோயாளருக்கான சிகிச்சை நிலையமாயின. அக்கரை மக்களுக்கு அந்நிலையம் நேரடியாகப் பயன்பட்டது, அது பேசுவதை நிறுத்திய பின்னரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இது தற்செயலானதன்று. கொழும்பில் 1925இல் வானொலி தொடங்கியபோதும், உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்கென 'ரேடியோ சீயாக்' இயங்கியபோதும், 1949இல் அதன் சாதனங்களைப் பெற்று இலங்கை வானொலி வளர்ந்தபோதும், கடல் கடந்த நேயரே அதன் பெருமைக்கு அளவாயினர். தமிழ் வர்த்தக சேவையின் புகழும் தமிழகத்தில் அதனைக் கேட்டோரின் தொகையால் அளக்கப்பட்டது. அப்புகழ் பொய்யன்று. ஆயினும் தொலைவிலுள்ளோர் கேட்கின்றனர் என்னும் பெருமிதம், அருகிலுள்ளோர் பேசுகின்றனரா என்னும் வினாவை மறைத்துவிட்டது.

'பிரதேச ஒலிபரப்பு' என்பதன் பொருள்தான் யாது? ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வொரு வானொலி நிலையமும் குறித்த ஓர் ஊருக்கென உரிமம் பெறுகின்றது. அவ்வூருக்குத் தொண்டாற்றுதல் அதன் கடமை என்பது கொள்கை. ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டம் உடைமைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின் அந்நிலையங்கள் பெருநிறுவனங்களின் கைகளிற் குவிந்தன. 2002 ஜனவரியில் வடக்கு டகோட்டாவின் மைனொட் நகரில் புகையிரதம் தடம்புரண்டு அமோனியா நச்சுவாயு பரவியபோது, அந்நகரின் வர்த்தக வானொலிகள் ஆறும் ஒரே நிறுவனத்தின் உடைமையாயிருந்தன. அபாய அறிவிப்பு உரிய வேளையில் வானலை ஏறவில்லை. தவறு எவருடையது என்பது பின்னர் சர்ச்சைக்குள்ளாயிற்று. ஆயினும் பரப்பி ஊரில் நிற்பதால் மட்டும் வானொலி ஊருடையதாகிவிடாது என்னும் உண்மையை அந்நிகழ்ச்சி புலப்படுத்திற்று.

இலங்கையிலும் பிரதேச சேவைகள் தோன்றாமலில்லை. 1979இல் ராஜரட்ட சேவை அநுராதபுரத்தில் ஆரம்பமாயிற்று. 1981இல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலியின் தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களில் நாட்கணக்கிற் தங்கி, மக்களோடு சேர்ந்தே நிகழ்ச்சிகளை உருவாக்கினர். 1989இல் கொத்மலை சமுதாய வானொலி பிறந்தது. அரச அபிவிருத்தித் திட்டத்தின் எல்லைக்குள்ளேயே இயங்கியமை மகாவலி முயற்சியின் குறைபாடு எனலாம். மக்கள் பேசினர், ஆனால் திட்டத்தைப் பற்றித் தீர்ப்புக்கூறும் அளவுக்கு அன்று. எனினும் அம்முறை இன்றும் பயிலத்தக்கது. அது பெரும்பாலும் சிங்களக் கிராமங்களோடு நின்றமையே எமது வருத்தம்.

மொழிநிலையிலும் இப்புறக்கணிப்பைக் காண்கின்றோம். வானொலிச் செய்தி செந்தமிழில் அமைந்தது. பேச்சு வழக்குக்கு நாடகத்தில், அதிலும் நகைச்சுவையில் இடம் கிடைத்தது. 'கோமாளிகளின் கும்மாளம்' போன்ற தொடர்களிலே முஸ்லிம் பாத்திரத்தின் பேச்சும் யாழ்ப்பாணப் பாத்திரத்தின் பேச்சும் நாடெங்கும் சிரிப்பை விளைவித்தன. அவை மக்களை மகிழ்வித்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சிரிப்பூட்டுவதற்கு ஏற்றதென ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கு, நியாயம் கேட்பதற்கும் ஏற்றதென ஒப்புக்கொள்ளப்பட்டதா? கற்பிட்டியின் முஸ்லிம் தமிழும், உடப்பில் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலும், சிலாபக் கரையில் சிங்களத்தோடு கலந்து தேயும் கத்தோலிக்க மீனவர் தமிழும் ஆய்வாளரின் ஒலிப்பதிவுக்குரிய பொருள்களாக மட்டும் நின்றுவிடலாகாது. 'தமிழ் புளூட்டாக்' தந்த சைமன் காசிச்செட்டியின் மண் அது.

பேசவேண்டிய பொருள்களுக்கும் அங்கே குறைவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பகுதியினர் புத்தளத்திலே தஞ்சமடைந்தனர். நிலமும் நீரும் பாடசாலையும் வந்தோருக்கும் இருந்தோருக்கும் பொதுவாயின. 2011இல் நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் கொழும்பின் குப்பை அருவக்காட்டுக்கு வரவிருந்தபோது மக்கள் வீதிக்கிறங்கினர். நாட்டுக்கு மின்சாரம் வழங்கித் தலைநகரின் கழிவை ஏற்கும் பிரதேசம், தன் சாம்பலையும் தன் காற்றையும் பற்றித் தானே விசாரிக்கும் மேடையொன்றை வேண்டுதல் மிகையன்று.

கைபேசியும் முகநூலும் வந்தபின் வானொலி எதற்கு என வினவுவோருக்குச் சிலாபமே விடை கூறும். 2019 மே மாதத்தில் முஸ்லிம் வணிகர் ஒருவரின் ஆங்கில முகநூற் குறிப்பு அச்சுறுத்தலாகப் பொருள்கொள்ளப்பட்டு, அங்கு கிளர்ந்த வன்முறை வடமேல் மாகாணத்தின் பிற ஊர்களுக்கும் பரவியது. அரசு சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. வதந்தியின் வாயை அடைக்க முயன்றதேயன்றி, ஊரார் நம்பத்தக்க வேறொரு வாயை அது திறக்கவில்லை. இரு மொழியிலும் ஊர்ப்பெயர் தெரிந்து, ஆளறிந்து, பொறுப்போடு பேசும் பிரதேச வானொலி அவ்வன்முறையைத் தடுத்திருக்கும் என நாம் அறுதியிட்டுரைக்கவில்லை. தடுக்க முயல்வதற்குரிய கருவியே இல்லாதிருந்தது என்பதே எமது வாதம்.

எனவே, பிரதேச ஒலிபரப்பின் உரைகல் கோபுரத்தின் உயரமோ கிலோவாற்றின் அளவோ அன்று. உப்பளத் தொழிலாளியும் கரைவலைச் சம்மாட்டியும் அகதியாய் வந்த தாயும் ஒரே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, தத்தம் மொழியில் ஒருவரையொருவர் வினவ முடிகின்றதா என்பதே அவ்வுரைகல். புத்தளக் கரை உலகுக்கு இடங்கொடுத்தது. அதற்குரிய இடத்தை அதன் வானலையிலேயே கோருவது சலுகையன்று, உரிமையாகும்.