'பேய் வழிபாடு' என்னும் சொல்லைக் குறித்து

நம் சபைப் பிரசங்கங்களிலும், கன்வென்ஷன் கூட்டங்களிலும், இறையியல் மாணவர் எழுதித் தரும் களப்பணி அறிக்கைகளிலுங்கூட, கிராம தெய்வ வழிபாட்டைக் குறிக்கப் 'பேய் வழிபாடு' என்னும் சொல் தடையின்றி வழங்கி வருகிறது. முன்னோர் கூறினர், ஆதலால் நாமும் கூறுகிறோம் என்பதற்கு மேல் இவ்வழக்குக்கு ஆதாரம் கேட்பார் இல்லை. இச்சொல் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதை, நாம் ஊழியஞ் செய்யும் கல்லாவி வட்டாரத்தை முன்வைத்து இங்கே ஆராய விரும்புகிறோம்.

கல்லாவி ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்தது. இதன் தெற்கே அரூர், கிழக்கே செங்கம். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுந்த நிலப்பகுதி இது. இங்கே வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன் என்னும் பெயரால் வணங்கப்படுகிற தெய்வத்தை அறியாதவர் இலர். வேடியப்பன் கோயில்கள் பலவற்றில் மூலவராக நிற்பது ஒரு நடுகல்லேயாகும். வில்லும் வாளும் ஏந்திய வீரன் ஒருவனின் உருவமும், அதன் அருகே வட்டெழுத்தும் பொறித்த பலகைக்கல் அது. எழுத்தைப் படித்தறிந்தோர் கூறுவது யாதெனில், ஊரின் தொறுவை, அதாவது ஆநிரையை, பகைவர் கவர்ந்தபோது மீட்கச் சென்று மாண்டவனுக்கு ஊரார் எடுத்த கல் என்பதே. 1972-இல் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை நம் மாணவர் ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தல் நன்று. அப்பகுதியின் எடுத்தனூர்க் கல்லொன்று முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லி நினைக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஊருக்காக மாண்ட ஒருவனையும் அவன் நாயையும் மறவாதிருக்கும் மக்களிடம் சென்று, நீங்கள் பேயை வணங்குகிறீர்கள் என்பது உண்மைக்கும் பொருந்தாது, மரியாதைக்கும் பொருந்தாது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். இன்று அங்கே பொங்கலிட்டுச் சேவல் அறுப்பவர் அந்த எழுத்தைப் படித்தா வணங்குகிறார் என்பது அத்தடை. இல்லைதான். ஆனால் அவரிடமே கேட்டால், பேய் என்பது வேறு என்று அவர் கூறுவார். பேய் இருளில் பிடிப்பது. வேடியப்பனும் முனியப்பனும் மாரியம்மனும் அதனை ஓட்டுகிறவர்கள், ஊரெல்லையைக் காக்கிறவர்கள். அவருடைய மொழியில் இவ்விரண்டும் எதிரெதிரானவை. அவற்றை ஒன்றாக்கியது நம் மொழியே.

சீகன்பால்கு இவ்வேறுபாட்டை அறிந்திருந்தார். 1713-இல் தரங்கம்பாடியில் அவர் எழுதிய 'தென்னிந்திய தெய்வங்களின் மரபுவழி' நூல், ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், பிடாரி முதலியோரைக் கிராம தேவதைகள் என்னும் தனிப் பகுதியில் வைத்துப் பேசுகிறது. தமிழர்க்குக் கேள்விகளை எழுதியனுப்பி, அவர்கள் எழுதிய மறுமொழிகளைக்கொண்டு அவர் எழுதினார் என்பதே இந்நூலின் வலிமை. அவரும் அவ்வழிபாட்டைப் பிழையென்றே கருதினார். ஆயினும் கண்டிக்குமுன் கேட்டார். ஹாலேயிலிருந்த பெரியோர் அதனை அச்சிட மனங்கொள்ளவில்லை. 1867-இல்தான் அது சென்னையில் அச்சேறியது. ஒன்றரை நூற்றாண்டு அது பெட்டியில் கிடந்த காலத்தில் வேறு நூல்கள் நம் எண்ணத்தை வகுத்துவிட்டன.

அவற்றுள் முதன்மையானது கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்' என்னும் சிறு நூல். ஒப்பிலக்கணம் தந்த அப்பேரறிஞரிடம் நமக்குள்ள மதிப்புக் குறைவன்று. எனினும் இந்நூலில் ஒரு விந்தை உண்டு. மக்கள் வணங்கும் 'பேய்களில்' பெரும்பாலானவை ஒருகாலத்தில் மனிதராயிருந்து, வன்மையாகவோ அகாலமாகவோ மாண்டவர்கள் என்று நம்பப்படுவதை அவரே எழுதுகிறார். இறந்தோர் வழிபாடு என்று அறிந்தும், அதற்குப் பிசாசு வழிபாடு என்னும் பெயரை அவர் விடவில்லை. தங்களைப்பற்றி அந்நூல் கூறியவற்றால் நாடார் சமுதாயத்தார் அடைந்த மனக்கசப்பு சிறிதன்று. 1857-இல் சட்டம்பிள்ளை பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டதன் பின்னணியில் இந்நூலும் இருந்தது.

சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் எழுதி 1916-இல் வெளிவந்த 'தென்னிந்தியக் கிராம தெய்வங்கள்' இதனினும் நிதானமானது. தெலுங்கு நாடு, மைசூர், தமிழ்நாடு எனப் பிரித்துத் திருவிழாக்களை அவர் விவரிக்கும் பக்கங்கள் இன்றும் பயன்படும். குறை அவர் கண்டதில் அன்று. கண்டதற்குக் காரணம் கூறுவதில் உள்ளது. வாந்திபேதி, பெரியம்மை, மாட்டு நோய் ஆகியவற்றுக்கு அஞ்சிய அச்சமே அனைத்துக்கும் வேர் என்பதே அவர் நூலின் போக்கு. அச்சம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் வேடியப்பன் கல்லை நாட்டியது அச்சமா, நன்றியா என்னும் கேள்விக்கு அந்நூலில் இடமில்லை.

திருமறையே அப்படிக் கூறுகிறதே என்பார்க்கு ஒரு சொல். சங்கீதம் 96:5-இல் எபிரெய மூலம் புறஜாதியாரின் தெய்வங்களை 'வெறுமையானவை' என்னும் பொருளில் சுட்ட, கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்தே அவ்விடத்தில் 'தைமோனியா' என்று வைத்தது. 1 கொரிந்தியர் 10-இல் பவுல் இச்சொல்லையே ஆளுகிறார். ஆனால் இரண்டு அதிகாரங்களுக்கு முன்பு விக்கிரகம் ஒன்றுமில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அத்தேனேயில் பேசியபோதோ, 'தைமோன்' என்னும் வேரிலிருந்து பிறந்த சொல்லையே அவையோரின் பக்தியைக் குறிக்க ஆண்டார். அங்கே ஜேம்ஸ் அரசர் ஆங்கிலத் திருப்புதல் மூடநம்பிக்கை என்று கூற, நம் தமிழ்த் திருப்புதல் 'தேவதாபக்தி' என்று கண்ணியமாக மொழிபெயர்த்தது.

சொல் ஒன்று எவ்வளவு கேடு செய்யவல்லது என்பதற்கு ஹெய்ட்டி நாட்டின் வூடூ சமயம் சான்று. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோன் மொழியில் தெய்வ ஆவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒரே பரமன், அவனுக்குக் கீழ்ப்பட்ட ஆவிகள், மறைந்த முன்னோர் என்னும் அமைப்புடைய அச்சமயத்தை, 1929-இல் வந்த ஒரு பயண நூலும் 1932-இல் வந்த திரைப்படமும் நடைப்பிணங்களின் கதையாக உலகுக்குக் காட்டின. 1941, 1942 ஆண்டுகளில் அந்நாட்டுக் கத்தோலிக்கச் சபை அரசின் துணையோடு முரசுகளையும் வழிபாட்டுப் பொருள்களையும் எரித்தது. 2003-இல்தான் அரசு அதனை ஒரு சமயமென ஏற்றது. 2010-இல் நிலநடுக்கத்தால் மக்கள் பெருந்திரளாக மாண்டபோது, அவர்கள் முன்னோர் பிசாசோடு செய்த உடன்படிக்கையின் பலன் இது என்று கூறிய பிரசங்கியாரும் உண்டு. இடிபாடுகளுக்கிடையே கிடந்தோருக்கு அளித்த நற்செய்தி அது!

இவ்வாறு கூறுவதால் அனைத்தையும் புகழவேண்டும் என்பதன்று. சத்தியநாதன் கிளார்க் 1998-இல் எழுதிய 'தலித்துகளும் கிறிஸ்தவமும்' எல்லையம்மனையும் பறையையும் ஒடுக்கப்பட்டோரின் இறையியல் மொழியாகக் காண்கிறது. நம் நூலகங்களில் இருக்கவேண்டிய நூல் அது. ஆயினும் அதைப் படித்துவிட்டுக் கிராமத் திருவிழா முழுவதையும் விடுதலையின் விழாவாகப் பாடும் மாணவர், பறை முழங்கியவர் எங்கே நிறுத்தப்படுகிறார், தேர் எந்தத் தெருவுக்கு வருவதில்லை என்பதையும் பார்க்கவேண்டும். கண்டனம் செய்யவேண்டிய இடம் அது. பேயைத் தேடுகிறவர் கண்ணுக்குச் சாதி தென்படுவதில்லை.

இப்பகுதியின் இளைஞர் ஓசூரிலும் பர்கூரிலும் ஆலைகளில் பணிபுரிகின்றனர். திருவிழாவுக்கு ஊர் திரும்புகின்றனர். அவர்களுள் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர், தம் தாய் பொங்கலிடும் இடத்தில் நிற்கலாமா, தலைக்கட்டு வரி கொடுக்கலாமா, பலியிட்ட கிடாயின் பங்கு வீட்டுக்கு வந்தால் உண்ணலாமா என்று ஆயரைக் கேட்கிறார். 'பேய்' என்னும் ஒரே சொல்லால் மறுமொழி கூறுவது எளிது. அச்சொல் அவர் தாயின் செவியிலும் விழும் என்பதை மறத்தல் ஆகாது. வரி வேறு, உணவு வேறு, பலியில் பங்குபெறுதல் வேறு. வரியில் ஒரு பகுதி பலிக்கும், ஒரு பகுதி ஊர்க்கிணற்றைத் தூர்வாரவும் செல்லும் இடங்களில் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தைப் பின்பற்றுவதா, பத்தாம் அதிகாரத்தையா என்பது இன்னும் நம் சபை மன்றங்களில் முறையாக விவாதிக்கப்படவில்லை.