மணலில் ஒரு ஓட்டுத் தையல்

புதுச்சேரி நகரத்துக் கடற்கரைச் சாலையில் எழுத்தாணிப் பூண்டைத் தேடிப் பயனில்லை. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. சோழமண்டலக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கரை அரித்துப்போய்க் கருங்கல்தான் மிஞ்சியது. 2018-இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஆனால் ஊரே மிதிக்கிற இடத்தில் இந்தச் செடி தங்காது. வீராம்பட்டினம் பக்கம் போங்கள். அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்த மணல் மேட்டில், அவற்றின் இடைவெளிகளில் குனிந்து பாருங்கள்.

குனிவது முக்கியம். நின்று பார்த்தால் மஞ்சள் பூ மட்டும் தெரியும். அதை வைத்து முடிவு செய்தால் வெட்டுக்காயப் பூண்டும் சேர்ந்து கண்ணை ஏமாற்றும். வெட்டுக்காயப் பூண்டின் தண்டும் இலையும் சொரசொரவென்று மயிர் அடர்ந்தவை. பூவின் நடுவில் பொட்டு, ஓரத்தில் சில வெளிர் இதழ்கள். எழுத்தாணிப் பூண்டில் நடுப்பொட்டே கிடையாது. எல்லாம் பட்டையான இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஐந்து நுண்பற்கள். இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசியும். இந்த இரண்டும் சேர்ந்துவிட்டால், ஐரோப்பியப் புல்வெளிகளில் மண்டும் டான்டேலியனின் உறவுக் குடும்பத்துக்குள் வந்துவிட்டோம். தாவரவியலார் லானியா சார்மென்டோசா என்று அழைக்கும் நம் செடி, கிழக்கு ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை இந்தியப் பெருங்கடலின் கரைகளில் வாழ்கிறது. ஒரு பருவத்தில் மடிவதில்லை. வேர் ஆழமாக இறங்கிப் பல்லாண்டு நிற்கும்.

டான்டேலியனுக்குப் புகழ் தந்தது அதன் வெண்பஞ்சு உருண்டை. அங்கே விதையின் தலையில் நீண்ட காம்பு, அதன் உச்சியில் பஞ்சுக் குடை. இங்கே காம்பு இல்லை, பஞ்சு விதையின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். உருண்டையும் சிறியது, ஒரு காற்றில் கலைந்துவிடும். பூவழகிலும் பஞ்சழகிலும் டான்டேலியனுக்கே முதலிடம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டான்டேலியன் இருந்த இடத்தில் இருக்கும். எழுத்தாணிப் பூண்டு நடக்கும்! தாய்ச்செடியிலிருந்து நூல் போன்ற ஓடுதண்டு மணல்மேல் கிளம்புகிறது. ஒரு சாண் போய்க் கணுவில் வேர் இறக்கி, வட்டமாகச் சில இலைகளை விரிக்கிறது. அங்கிருந்து மறுபடி நூல், மறுபடி ஒரு வட்டம். மணல்மீது யாரோ ஓட்டுத் தையல் போட்டது போலிருக்கும். காற்று மணலை வாரிப் பழைய வட்டத்தை மூடினாலும் அடுத்தது வெளியே நிற்கும். என் கண்ணுக்கு இதன் அழகு முழுவதும் அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. தாவரவியல் சேகரிப்புகளில் அழுத்தி உலர்த்தி வைக்கும் தாளில் இலையும் பூவும் பத்திரமாக வரும், இந்த நடை மட்டும் வராது. அதற்கு உயிர்ச்செடி வேண்டும்.

வீட்டில் வளர்ப்பது எளிது, தாய்ச்செடியைப் பிடுங்காதவரை. ஆணிவேரோடு தோண்டினால் வேர் அறுந்து செடி வாடும், மேடும் சரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஈரத்தில், வேர்விட்ட ஒரே ஒரு வட்டத்தை அதன் இருபுறத்து நூலையும் நறுக்கி எடுத்தால் போதும். அகலமான மண்தொட்டி, அடியில் ஓட்டுச் சில்லு, மேலே ஆற்று மணலில் பிடியளவு செம்மண். தொழு உரம் வேண்டாம். போட்டால் இலை கொழுத்துப் பூ குறையும். குருத்தை மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். மொட்டைமாடியின் முழு வெயில் இதற்கு உகந்தது. ஈரம் காய்ந்த பிறகே தண்ணீர்.

புது ஓடுதண்டு தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போது பக்கத்தில் இன்னொரு தொட்டியை நகர்த்திவையுங்கள். கணுவை மணலில் படியவைத்து ஒரு கொண்டை ஊசியால் அழுத்திவிட்டால் வேர் பிடிக்கும். வேர் பிடித்த பிறகும் நூலை வெட்டாமல் விட்டுவைப்பதே எனக்குப் பிடிக்கும். தொட்டிக்குத் தொட்டி செடி தாவுவதைக் காலையில் பார்க்க வேண்டும், பூக்கள் விரிந்திருக்கும் நேரம் அது.

இலையை வீணாக்க வேண்டாம். பிரான்சில் டான்டேலியனின் இளந்தளிரை சாலட்டில் சேர்ப்பார்கள். மாலத்தீவில் நம் எழுத்தாணிப் பூண்டையே பொடியாக அரிந்து, சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், எலுமிச்சைச் சாறுடன் பச்சையாகப் பிசைந்து உண்கிறார்கள். கசப்பு மென்மையாக வேண்டுமானால் பூக்கும் முன்னரே, வட்டத்தின் உள்பக்கத்து இளசுகளைக் கிள்ளுங்கள். ஆட்கள் நடமாடும் கரையில் பறித்ததைத் தின்ன வேண்டாம். உங்கள் தொட்டியில் வளர்ந்ததே நல்லது.