மணிமேகலையின் துறவு

மணிமேகலையைத் 'துறவுக் காப்பியம்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நமது வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. அவள் எதைத் துறந்தாள் என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

கணிகையர் குலத்தில் பிறந்த அப்பெண்ணுக்கு இல்லறம் என்றுமே திறந்திருக்கவில்லை. அவளுக்கு விதிக்கப்பட்டிருந்தவை ஆடரங்கும் அரசிளங்குமரனின் பள்ளியறையுமே. பாட்டி சித்திராபதிக்கு அவள் குலத்தின் முதல். உதயகுமரனுக்கோ தன் தேரில் ஏற்றிச் செல்லவேண்டிய பொருள். மாதவி தன் மகளை அறவண அடிகளின் வழிக்கு விட்டது இந்தச் சந்தையிலிருந்து அவளை மீட்கவே. வாழ்க்கையை வெறுத்து ஓடிய கதையாக இதனைப் படிப்பது பிழை.

நிகழ்ச்சிகளின் வரிசையையும் நோக்குக. காப்பியத்தின் காதைகள் முப்பது. அவள் முறைப்படி நோன்பு ஏற்பது முப்பதாவதில்தான். அதற்கு வெகு முன்னரே மணிபல்லவத்தில் அமுதசுரபியைப் பெறுகிறாள். ஆதிரையின் கையால் முதற்பிச்சை ஏற்கிறாள். காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்க்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும்படி அரசனிடம் வரம் கேட்டுப் பெறுகிறாள். கூலவாணிகரான சாத்தனாருக்குப் பஞ்சகாலத்துத் தானியத்தின் விலை தெரிந்திருக்கும் போலும்!

ஆனால் களஞ்சியம் ஏன் வெறுமையாயிற்று என்று அவர் கேட்பதில்லை. உதயகுமரன் வெட்டுண்டு வீழ்ந்ததற்குக்கூட முற்பிறப்பு வினையே காரணமாக்கப்படுகிறது. பசிக்கு மருந்தாக அவர் தருவது ஓர் அற்புதப் பாத்திரம்; ஏரும் நிலமும் யார் கையில் என்ற கேள்வி அங்கு எழவேயில்லை. இவ்விடத்தில் நாம் அவரோடு உடன்செல்ல இயலாது.

எனினும் இக்காப்பியத்தை வன்னியிலிருந்து படிப்பவனுக்கு வேறொன்றும் புலப்படும். வவுனியாவின் பெரியபுளியங்குளத்தில், விசாகன் என்னும் தமிழ் வணிகன் சங்கத்தாருக்குக் குகை அளித்த செய்தியைப் பிராமிக் கல்வெட்டுச் சொல்கிறது. சீவர ஆடை இம்மண்ணுக்கோ நம் மொழிக்கோ அயலானதன்று.

இன்று அதே மண்ணில் நடப்பதென்ன? 2019 செப்டம்பரில், செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிற் கேணியருகே, நீதிமன்றக் கட்டளையை மீறி ஒரு பிக்குவின் உடல் எரியூட்டப்பட்டது. வீட்டைத் துறந்தவருக்கு இறந்த பின்னும் எல்லைச் சண்டை! குருந்தூர்மலைக் கட்டுமானங்களுக்கு 2022இல் நீதிமன்றம் தடை விதித்தது. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி 2023 செப்டம்பரில் உயிரச்சுறுத்தலைக் காரணங்காட்டிப் பதவி துறந்தார். வன்னி அண்மையில் கண்ட துறவு அது ஒன்றே என்று கசப்போடு சொல்லத் தோன்றுகிறது.

இந்தச் சினத்தில் நம்மவர் சிலர் பௌத்தத்தையே வேண்டாமென்கின்றனர். வேறு சிலரோ 'தமிழ்ப் பௌத்தம்' என்பதை எதிர் உறுதிப்பத்திரமாக நீட்டுகின்றனர். இரு சாராரின் கையிலும் மணிமேகலை வெறும் காணிப் பத்திரமாகிவிடுகிறாள். 2009இல் எறிகணைகளுக்கிடையே கஞ்சிக்கு வரிசையில் நின்ற மக்கள், இன்றும் மே மாதந்தோறும் முள்ளிவாய்க்காலை நினைந்து கஞ்சி காய்ச்சி வழிப்போக்கருக்கு வார்க்கின்றனர். சாத்தனாரை அவர்களே கூர்ந்து படித்தவர்கள் என்பேன், ஏட்டைத் தொடாமலேயே.

வற்கடம் வாட்டிய காஞ்சியில் அவள் அமுதசுரபியை வைத்தபோது பதினெட்டு மொழி பேசுவோரும் மொய்த்தனர், குருடரும் செவிடரும் முடவரும் வந்தனர், விலங்குகளும் வந்தன. அந்தப் பந்திக்குப் பின்னரே அவள் நோன்பு ஏற்கிறாள்.