உள்ளாட்சிகளுக்கு எதிரான உரிமை வழக்குகளில் வழக்குரையின் தகுதி: லெதர்மேன், இக்பால் தீர்ப்புகளை முன்வைத்து

முன்னுரை

அரசமைப்பு உரிமையைப் பறிகொடுத்த ஒருவர் உள்ளாட்சி அமைப்பின் மீது வழக்குத் தொடுக்கும்போது தம் தொடக்க வழக்குரையில் எவ்வளவு கூறியாக வேண்டும் என்பது வெறும் நடைமுறை வினா அன்று. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் சாட்சிய விசாரணைக்கு முன்னரே ஒரு வழக்கை முடித்துவிடக்கூடிய வினா அது. இது குறித்த இரு தீர்ப்புகளுக்கு இடையிலான முரணை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

மோனெல் வகுத்த சுமை

1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தோன்றிய 1983ஆம் பிரிவு, அரசதிகாரத்தின் பெயரால் உரிமையைப் பறிக்கும் 'நபர்' மீது வழக்குத் தொடுக்க வழிவகுக்கிறது. நகராட்சி அத்தகைய நபர் அன்று என்று 1961இல் மன்ரோ எதிர் பேப் வழக்கில் கூறிய உச்ச நீதிமன்றம், 1978இல் மோனெல் வழக்கில் அக்கருத்தைக் கைவிட்டது. எனினும், ஊழியரின் தவறு ஒன்றே நகராட்சியைப் பொறுப்பாக்காது. அதன் கொள்கையோ நிலைபெற்ற வழக்கமோ தீங்குக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். அக்கொள்கைக்கான சான்றுகளோ, பயிற்சிக் குறிப்புகளாகவும் உள்விசாரணை அறிக்கைகளாகவும் பெரும்பாலும் எதிர்வாதியின் கையிலேயே உள்ளன.

இரு தீர்ப்புகள்

டெக்சாஸ் மாநிலத்து டாரண்ட் மாவட்டத்தில் நிகழ்ந்த காவல்துறைச் சோதனைகளை எதிர்த்துத் தொடுக்கப்பட்டது லெதர்மேன் வழக்கு. உள்ளாட்சிகளுக்கு எதிரான வழக்குரையில் கூடுதல் விவரம் வேண்டும் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நிலைப்பாட்டை 1993இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. நடைமுறை விதிகளின் 8ஆம் விதி சுருக்கமான தெளிந்த கூற்றையே கேட்கிறது. தகுதியற்ற வழக்குகளை ஆவண வெளிப்படுத்தலைக் கட்டுப்படுத்தியும் விசாரணையின்றி வழங்கும் சுருக்கத் தீர்ப்பாலும் களையலாம் என்றது.

2009இல் இக்பால் வழக்கில் 5-4 என்னும் பெரும்பான்மைத் தீர்ப்பு, வெற்று முடிபுரைகள் போதா; கோரிக்கையை ஏற்கத்தக்கதாக்கும் நிகழ்வு விவரங்கள் வேண்டும் என்றது. குறையுள்ள வழக்குரையை, ஆவண வெளிப்படுத்தலை நெறிப்படுத்துவதால் காக்க இயலாது என்றும் கூறியது. லெதர்மேன் தீர்ப்பு நம்பிய வழியையே இது அடைக்கிறது.

மதிப்பீடு

பொதுப்பணம் வீண்வழக்குகளில் கரையக்கூடாது என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் இக்பால் தீர்ப்பு தன் கண்டிப்புக்குக் கூறிய காரணங்களுள் அதிகாரிகளின் தகுதிசார் விலக்குரிமை முதன்மையானது. அவ்விலக்குரிமை நகராட்சிகளுக்கு இல்லை என்பது 1980ஆம் ஆண்டின் ஓவன் தீர்ப்பு முதல் நிலைபெற்ற நெறி. காரணம் பொருந்தாத இடத்தில் கண்டிப்பு மட்டும் பொருந்துவது ஏற்புடைத்தன்று.

இக்பால் நெறி எல்லா உரிமையியல் வழக்குகளுக்கும் உரியது என்பது உண்மையே. அதே தீர்ப்பு, ஏற்கத்தக்க தன்மையைச் சூழல் நோக்கி மதிப்பிடவும் பணிக்கிறது. சான்று யார் கையில் உள்ளது என்பதும் சூழலின் கூறே.

முடிவுரை

லெதர்மேன் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக நீக்கவில்லை. ஆகவே, ஒத்த நிகழ்வுகளையும் வெளியே அறியத்தக்க அடையாளங்களையும் வாதி காட்டினால், கொள்கையின் இருப்பை அவற்றிலிருந்து உய்த்துணர்வதே இரு தீர்ப்புகளையும் இணைக்கும் வழி. பூட்டிய அறைக்குள் இருக்கும் ஆவணத்தை வாசலிலேயே காட்டுமாறு கேட்பது, மோனெல் திறந்த கதவை நடைமுறையால் மூடுவதாகும்.